சகலையின் சூப்பர்சார்ஜர்

என் சகலைமேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டதால் நேராகவே எழுதிவிடுகிறேன். அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஆறு வயது சின்னவர். என்னைவிடச் சிரித்த முகம், என்னைவிட அடர்த்தியான தலைமுடி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் காருக்குள் எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு செரிக்காமல் போனது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே ஊரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஒரு என்ஜினைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்தால், வேறு யாரோடோ பேசிக்கொண்டே திரும்பப் பூட்டிவிடுவேன். எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே மாடல் பெட்ரோல் கார். என்னுடையது வெள்ளி நிறம், சகலையுடையது வெள்ளை. அவர் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் யோசனை கேட்டார். நான்தான் இந்த மாடலை வாங்கச் சொன்னேன். அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நான் மூத்த மாப்பிள்ளை. எங்கள் பக்கம் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. பந்தியில் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. சந்தனக் கிண்ணம் முதலில் அவர் கைக்குத்தான் வரும். குடும்பத்தோடு எங்கேயாவது கிளம்பினால் மாமனார் ஏறுவது மூத்த மாப்பிள்ளையின் காரில், அதுவும் முன் இருக்கையில். என் மாமனார் கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். எழுபதைத் தாண்டியும் வயலுக்குப் போகிறவர், முறை விஷயத்தில் கறாரானவர். எட்டு வருடம் அந்த முன் இருக்கை என் காரில்தான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் ஓட்டிக்கொண்டுபோய் இறங்கும்போது கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்கள் பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கறிச்சோறு. சாப்பிட்டு முடித்ததும் சகலை எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுத் தன் காரின் பானெட்டைத் திறந்து காட்டினார். இரண்டு கைக்குள் அடங்கும் அளவுக்கு ஓர் அலுமினியக் கூடு, உள்ளே விசிறி, பின்னால் சின்ன மோட்டார். என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில், ஃபில்டருக்கு முன்னால் அதைப் பொருத்தியிருந்தார். ஆன்லைனில் வாங்கினாராம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் மாட்டிக்கொடுத்தாராம். அந்த மெக்கானிக் என்னிடம் படித்தவன். முதல் நாளே பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூஜையும் போட்டுவிட்டார்கள். கூட்டின்மேல் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மாமா, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா இது சுத்தும். காத்தை உள்ள அமுக்கித் தள்ளும். காத்து கூடுனா பெட்ரோலும் கூட எரியும். வண்டி புடுங்கிக்கிட்டுப் போகும்,” என்றார் சகலை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஒரு சின்ன நீல விளக்கையும் காட்டினார். “இந்த லைட்டு எரிஞ்சா உள்ள அது வேலை செய்யிதுன்னு அர்த்தம்.”

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்ன தத்துவம் சரி. சூப்பர்சார்ஜர் என்பதே அதுதான். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். மாமனாருக்கு அது புரிந்தும்விட்டது.

உடனே மாமனார் அந்தக் காரில் ஏறி, திருப்பத்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கும்போது முகமெல்லாம் பல். “ஏ அப்பா! சீட்டோட சேத்து அமுக்குதுய்யா!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளை, நீங்க இத்தன வருசமா வாத்தியாரா இருக்கீக, இதை உங்க வண்டியில ஏன் மாட்டலை?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். என் மனைவி சமையலறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து விளக்கினேன். கார் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். அந்த மோட்டார் இழுப்பது மிஞ்சிப்போனால் இருபத்தைந்து ஆம்பியர். பெருக்கினால் முந்நூறு வாட். அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. நம் கார் என்ஜின் முழு வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐம்பது லிட்டர் காற்றைக் குடிக்கும். அவ்வளவு காற்றையும் அமுக்கி, உருப்படியாகத் தெரிகிற அளவுக்கு இழுவையைக் கூட்ட வேண்டுமென்றால் இதைப்போல எட்டு, பத்து மடங்கு சக்தி வேண்டும். அவ்வளவு மின்சாரத்தை நம் காரின் ஆல்டர்னேட்டரால் கொடுக்கவே முடியாது. என்ஜின் கேட்கிற வேகத்துக்கு அந்த விசிறியால் ஈடுகொடுக்க முடியாது, வழியில் குறுக்கே நிற்கும். ஓடுகிறவன் பின்னாலேயே ஓடி விசிறிவிடுகிற மாதிரிதான் இது.

“அப்ப எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு உலகத்துலேயே இல்லையா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். வெளிநாட்டுப் பெரிய கார்கள் சிலவற்றில் கம்பெனியே வைத்து அனுப்புகிறது. அதற்குத் தனியாக நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரி உண்டு. அதுவும் எந்நேரமும் சுற்றாது. அந்தக் கார்களில் இருக்கும் டர்போ என்பது புகை போகிற வேகத்தில் சுற்றிக் காற்றை அமுக்குவது, மிதித்தவுடன் எழுந்திருக்காது, ஒரு கணம் சுணங்கும். அந்த ஒரு கணத்தை நிரப்ப மட்டும் மின்சார விசிறி பாய்ந்து வரும். டர்போ எழுந்ததும் இது ஒதுங்கிக்கொள்ளும். அது உருப்படியான வேலைதான். சகலை காரில் டர்போவும் கிடையாது, நாற்பத்தெட்டு வோல்ட்டும் கிடையாது.

அவள் அவரைக்காயை அலசி எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அவுக வண்டி நல்லாத்தான் போகுது. நானும் ஏறிப் பாத்தேன்,” என்றாள். எப்போது ஏறினாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் திருப்பத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மாமனார் வீட்டு வாசலில் எங்கள் இரண்டு காரும் முன்னும் பின்னுமாக நின்றன. நான் வழக்கம்போல முன்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மாமனார் வேட்டியைச் சரிசெய்தபடி இறங்கி வந்தார். என் கதவைக் கடந்தார். போகிறபோக்கில், “நீங்க முன்னால போங்க மாப்பிள்ளை, நாங்க எப்படியும் உங்களைப் புடிச்சிருவோம்,” என்று சொல்லிவிட்டுச் சகலையின் காரில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ‘நாங்க’ என்றார். திறந்த கதவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின் இருக்கையில் ஏறப்போன என் மனைவி அதைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். பாவம், அவள் எனக்காகத்தான் அப்படிச் செய்தாள். எனக்கோ அதுவும் கோபமாக வந்தது.

அதன்பிறகு நாலைந்து மாதம் நான் நானாக இல்லை. வகுப்பில் பையன்கள் சந்தேகம் கேட்டால் வள்ளென்று விழுந்தேன். சகலையின் கார் தெருவில் போனால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். எங்கேயாவது வழியில் நின்றுபோனதாகத் தகவல் வராதா என்று இருக்கும். ஒரு மனிதன் தன் கொழுந்தியாளும் பிள்ளைகளும் போகிற கார் நடுரோட்டில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படலாமா? நான் ஆசைப்பட்டேன். கார் நிற்கவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, மருந்து வாங்க மதுரை என்று மாமனாரை ஏற்றிக்கொண்டு அது ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில், சோதனை வைத்துப் பார்ப்போம் என்று நானே வாயைத் திறந்து கேட்டேன். சகலை உடனே சம்மதித்தார். அவருக்கு அது ஒரு விளையாட்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் மலைப்பாதை கிடையாது. வண்டியின் இழுவையைப் பார்க்க வேண்டுமென்றால் மெக்கானிக்குகள் எல்லோரும் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் கொண்டுபோவோம். அடிவாரத்தில் நிற்கவைத்து, ஒரே மிதியாக மிதித்து ஏற்றி, உச்சியில் இருக்கும் விளக்குக் கம்பத்தைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம், மூன்று பேரும் சகலையின் காரில் அங்கே போனோம். சகலை ஓட்டுவார், மாமனார் பக்கத்தில், நான் பின்னால் ஃபோனில் நேரம் எடுப்பது. ஒவ்வொரு தடவையும் புறப்படும்முன் நான் மட்டும் இறங்கி, பானெட்டைத் தூக்கி, விசிறி மோட்டாருக்குப் போகும் ஃபியூஸை மாட்டுவேன் அல்லது கழற்றுவேன். எதைச் செய்தேன் என்று அவர்களிடம் சொல்லமாட்டேன். நீல விளக்குக்குத் தனி ஒயர். அதனால் மோட்டாருக்கு மின்சாரம் போனாலும் போகாவிட்டாலும் அது எரியும். ஏமாற்ற வழியே இல்லாத சோதனை என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி. நான்கு தடவையும் பதினான்கு விநாடி. புள்ளிக்குப் பிறகுதான் வித்தியாசம். ஃபியூஸைக் கழற்றிவைத்திருந்த இரண்டாவது ஓட்டத்தில் மாமனார் தொடையைத் தட்டி, “இதுதான் காத்தாடி ஓடுறது! சந்தேகமே இல்லை!” என்றார். ஃபியூஸ் மாட்டியிருந்த மூன்றாவது ஓட்டத்தில், “இது சும்மா வண்டி, மொண்ணையா ஏறுது,” என்றார். எல்லாம் முடிந்து பாலத்துக்குக் கீழே நிறுத்தியதும் கணக்கைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து வெயிலில் உயர்த்திக் காட்டினேன். “இது என் பையில இருக்கும்போதுதான் மாமா உங்களை அமுக்குச்சு,” என்றேன். அந்த வாக்கியத்தை முந்தின நாளே யோசித்துவைத்திருந்தேன்.

சகலை ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப இத்தன நாளும் நானா மிதிச்ச மிதியா அது!” என்றார். மாமனாரும் சிரித்தார். “நல்லா ஏமாந்தோம் போங்க மாப்பிள்ளை,” என்று தோளில் தட்டினார். தட்டியது சகலையின் தோளில். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பின் இருக்கையில் நான் ஃபோனில் இருந்த நான்கு எண்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

என் மனைவி வாசலில் எங்களைப் பார்த்தாள். உள்ளே வந்ததும், “தோத்தவரு சிரிச்சுக்கிட்டு வாராரு. ஜெயிச்ச உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சகலை தன் காரை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். “நீங்களே கழட்டிருங்க சகலை. உங்க கையால கழட்டுனாத்தான் அதுக்கும் மரியாதை,” என்றார். இதில்கூட அவரால் மனசு நோகாமல் பேச முடிகிறது. கிளாம்பைத் தளர்த்தி அந்தக் கூட்டைக் கையில் எடுத்தேன். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். விசிறியின் அச்சில் வாழைநார் இறுக்கிச் சுற்றியிருந்தது. நாரில் இரண்டு காய்ந்த செவ்வந்திப்பூக்கள். ஃபில்டரைத் திறந்தால் அங்கேயும் பூவிதழ்கள், சருகாக. எனக்கு விளங்கிவிட்டது. பூஜை போட்ட அன்று புதுச் சாமான் என்று மாலையை அந்தக் கூட்டின் வாயிலேயே சாத்தியிருக்கிறார்கள். சாமிக்குப் போட்ட மாலையை உடனே எடுக்கக் கூடாது என்று அப்படியே பானெட்டை மூடியிருக்கிறார்கள். முதன்முதலாக முழு மிதி மிதித்தபோது விசிறி மாலையை இழுத்துக்கொண்டு இறுகிப்போயிருக்கிறது. ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இருக்கும் கம்பி கருகி அறுந்திருந்தது.

அந்த விசிறி ஒரு நாள்கூட ஒழுங்காகச் சுற்றியதில்லை. மாமனாரைச் சீட்டோடு அமுக்கியது, என் மனைவி ஏறிப் பார்த்தது, மதுரைக்குப் போய்வந்தது எல்லாம் செத்த விசிறிதான். இதை நினைத்ததும் எனக்கு முதலில் வந்தது குஷி. இதையும் போய்ச் சொன்னால் சகலையின் மானம் போய்விடும், ஊரே சிரிக்கும். ஃபோனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பாலத்தில் நான் மாட்டியதும் கழற்றியதும் கருகிப்போன ஃபியூஸை. நான்கு தடவையும் விசிறி ஓடவில்லை. நான் நிரூபித்தது ஒன்றுமே இல்லை. மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார், ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார். முதல் வாரமே நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். அன்றைக்கு நானே வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தேன், மாமனார் பார்ப்பதற்காக. நான் பார்க்கவில்லை.

நாரை அறுத்தெடுத்தேன். கூட்டைத் துடைத்து, புது ஃபியூஸ் போட்டு, திரும்ப மாட்டினேன். விசிறி வீறிட்டுக்கொண்டு சுற்றியது. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரில் அன்றைக்குத்தான் கேட்டேன். தனியாகவே மேம்பாலத்துக்குப் போனேன். விசிறி ஓடி மூன்று தடவை, ஓடாமல் மூன்று தடவை. இரண்டு ஆள் பாரம் குறைந்ததில் பதின்மூன்று விநாடி, ஆறு தடவையும் அதேதான். நான் போட்ட கணக்கு சரி. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முந்தின சோதனை பொய் என்றும் சொல்ல வேண்டும். உச்சியில் அந்த விளக்குக் கம்பத்தின் அடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக்கொண்டு, சரியான விடையைக் கண்டுபிடித்த பிறகும் இப்படி அவமானமாக இருக்கிறதே என்று நொந்துகொண்டேன்.

சாயங்காலம் சகலை வந்தார். மறுபடி கழற்றியிருந்த கூட்டை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

“உள்ள ஏதும் கெட்டுப்போயிருந்துச்சா சகலை?” என்று கேட்டார்.

“இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

எப்படியோ, முன் இருக்கை திரும்ப எனக்கு வரும் என்று எண்ணினேன். விசிறி போயிற்று, இரண்டு காரும் மறுபடி ஒன்று, நான் மூத்தவன். அடுத்து வந்த விசேஷம் கோவிலூரில் பங்காளி வீட்டுக் குடிபுகுதல். அன்று காலை என் காரைக் கழுவித் துடைத்து, சகலையின் காருக்கு முன்னால் நிறுத்தி, கதவையும் திறந்து வைத்தேன். மாமனார் இறங்கி வந்தார். என் கதவைக் கடந்து, சகலையின் காருக்குப் போனார்.

என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போய், “அதான் காத்தாடியைக் கழட்டியாச்சே மாமா?” என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

அவர் கதவைப் பிடித்தபடி திரும்பினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “காத்தாடிக்காகவா ஏறுனேன்? முதநாளு அதைப் பாக்கத்தான் ஏறுனேன். அப்புறம் பழகிப்போச்சு,” என்றார். கொஞ்சம் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீக மாப்பிள்ளை. உங்க வண்டியில வந்தா நீங்க சொல்றதை நான் கேட்டுக்கிட்டே வரணும். இவுக வண்டியில போனா நான் சொல்றதை இவுக கேக்குறாக.” சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால் போனேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக மாமனாரின் கை தெரிந்தது. எதையோ அளந்து காட்டுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கியது. கிணற்றின் ஆழமாக இருக்கலாம், கரும்பின் உயரமாக இருக்கலாம். சகலையின் தலை அடிக்கடி அவர் பக்கம் ஆடியது. எட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கை இப்படி ஒரு தடவைகூட அசைந்ததாக எனக்கு நினைவில்லை. நான் அவருக்கு கிளட்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், டயர் காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சர்க்கரை வியாதிக்கு எதைத் தின்னக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். விசிறி இருந்தபோது பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை. இப்போது படுவதுதான் பொறாமை. விசிறியையாவது கழற்ற முடிந்தது.

கோவிலூர் திருப்பத்துக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கினேன். முன் இருக்கையில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

“ஏதாவது சொல்லேன்,” என்றேன் அவளிடம்.

அவள் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “என்னத்தைச் சொல்ல?” என்றாள். “கல்யாணமான நாள்லேருந்து நீங்கதானே சொல்லிக்கிட்டு வாரீக.”